புளித் தராசில் புரொபசர்

ஃபிராங்க் ஷெப்பர்ட் 1870களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் சட்டப் புத்தகம் விற்றுப் பிழைத்த மனிதர். வாங்குகிறவர்கள் எல்லாரும் வக்கீல்கள். வக்கீல்களுக்கு அப்போது ஒரு பெரும் பயம் இருந்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து, 'இன்ன வருஷத்து இன்ன தீர்ப்பின்படி' என்று முழங்கிக்கொண்டிருப்பார்கள். எதிர்க்கட்சி வக்கீல் சாவதானமாக எழுந்து, 'அந்தத் தீர்ப்பத்தான் மேல்கோர்ட்டு ரெண்டு வருஷம் முன்னாடியே தூக்கிக் குப்பையில போட்டுருச்சே' என்பார். மானம் கப்பலேறும். கட்சிக்காரரும் கூடவே ஏறிப் போய்விடுவார்.

ஷெப்பர்ட் 1873-இல் இதற்கு வைத்தியம் கண்டுபிடித்தார். எந்தத் தீர்ப்பைப் பிற்பாடு எந்தத் தீர்ப்பு எடுத்தாண்டது, எது பின்பற்றியது, எது உதைத்துத் தள்ளியது என்று பின்பக்கம் பசை தடவிய சின்னச் சின்னச் சீட்டுகளில் அச்சடித்து விற்றார். வக்கீல் அதை எச்சில் தொட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டியது. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு தீர்ப்புக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று நாடி பிடித்துப் பார்ப்பதை அமெரிக்க வக்கீல்கள் இன்றும் 'ஷெப்பர்டைஸ் பண்ணுவது' என்றுதான் சொல்கிறார்கள்.

இன்றைக்கு உலகத்துத் துணைவேந்தர்கள் அத்தனை பேரின் ரத்தக் கொதிப்புக்கும் மூலவித்து அந்தப் பசைச்சீட்டுதான். ஆனால் ஷெப்பர்டைக் குறை சொல்ல வாய் வராது. இந்தக் கதையில் வரும் பெரும்பாலோரையும் அப்படித்தான். ஒவ்வொருவரும் தன் கடையில் புளி நிறுக்க ஒரு தராசு செய்தார். பக்கத்துத் தெருக்காரர்கள் அதை இரவல் வாங்கிக்கொண்டு போய், மாப்பிள்ளையை உட்காரவைத்து எடை பார்த்தார்கள்.

விதிவிலக்கு ஒருவர் உண்டு. ஜேம்ஸ் மக்கீன் கட்டெல் ஆரம்பத்திலிருந்தே மாப்பிள்ளையைத்தான் நிறுத்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். 1890களில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களைப் பிடித்துவைத்து, கைப்பிடி எவ்வளவு பலம், சத்தம் கேட்டதும் எத்தனை வேகத்தில் கை அசைகிறது என்றெல்லாம் அளந்தார். புத்தியை இப்படித்தான் அளக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. அவரிடமே படித்த கிளார்க் விஸ்லர் 1901-இல் கணக்குப் போட்டுப் பார்த்தார். கைப்பிடிக்கும் காலேஜ் மார்க்குக்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை. வேறு யாராக இருந்தாலும் அளவுகோலைப் பரண்மேல் போட்டுவிட்டு ராமா கிருஷ்ணா என்று உட்கார்ந்திருப்பார்கள். கட்டெல், மாணவர்களை விட்டுவிட்டு விஞ்ஞானிகளை அளக்கக் கிளம்பினார்.

1906-இல் 'அமெரிக்கன் மென் ஆஃப் சயின்ஸ்' என்று ஒரு விலாசப் புத்தகம் போட்டார். சுமார் 4,000 விஞ்ஞானிகள். தலைப்பில் ஆண்கள் மட்டும், உள்ளே பெண்களும் உண்டு. பெண்கள் அட்டைக்கு வந்துசேர 1971 ஆயிற்று. ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டு வரிசைப்படுத்தி, முதல் 1,000 பேரின் குறிப்பில் மட்டும் ஒரு நட்சத்திரக் குறி போட்டார் கட்டெல். பிறகு எந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தனை நட்சத்திரம் என்று எண்ணினார். உலகத்துக்கு ரேங்க் லிஸ்ட் என்ற வியாதி தொற்றிய இடங்களில் இது முக்கியமானது. 1917-இல், கட்டாய ராணுவ சேவைக்குப் பிடித்தவர்களைக் கடல் கடந்து போருக்கு அனுப்பாதீர்கள் என்று நாடாளுமன்றத்தாருக்குக் கடிதம் எழுதினார். கொலம்பியா அவரை வேலையை விட்டுத் தூக்கியது. ஊருக்கெல்லாம் நட்சத்திரம் பார்த்தவருக்குத் தன் நட்சத்திரம் சரியில்லை.

அடுத்தவர்கள் பரம சாதுக்கள். கலிபோர்னியாவில் பொமோனா என்ற சின்னக் கல்லூரி. நூலகத்துக்கு வேதியியல் இதழ்கள் வாங்க வேண்டும், கையில் காசு கொஞ்சம்தான். எதை வாங்குவது? நம்மூரில் என்றால் ஒரு கமிட்டி போட்டு, கமிட்டியில் யார் இருப்பது என்று இரண்டு வருஷம் சண்டை போட்டு, கடைசியில் ஏஜென்ட் கொடுத்த லிஸ்டை அப்படியே வாங்கியிருப்போம். கிராஸ் என்ற ஒரே பெயர் கொண்ட இருவர் அங்கே வேறு வழி செய்தார்கள். அமெரிக்க வேதியியல் கழக இதழின் 1926-ஆம் வருஷத் தொகுதியை எடுத்து, அதன் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் எந்தெந்த இதழ் எத்தனை முறை தலைகாட்டுகிறது என்று எண்ணினார்கள். மொத்தம் 3,633 மேற்கோள். ஜெர்மன் இதழ்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தன. வேதியியல் மாணவன் ஜெர்மன் படித்தே ஆகவேண்டும் என்ற கசப்பு மருந்தையும் சேர்த்து 1927-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். எந்த விஞ்ஞானி பெரியவர் என்று அவர்கள் கேட்கவே இல்லை. அலமாரியில் எதை வைப்பது என்பதுதான் அவர்கள் கவலை. மொத்த சரித்திரத்திலும் இவ்வளவு யோக்கியமாக நடந்த எண்ணிக்கை வேறு இல்லை என்பது என் கட்சி.

இதற்குள் ஒரு சிங்கப்பூர் காட்சியும் உண்டு. 1940களின் கடைசியில் ராஃபிள்ஸ் கல்லூரிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்த டெரக் டி சோலா பிரைஸிடம், லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ்த் தொகுதிகள் 1665-இலிருந்து தொடங்கி ஒரு பெரிய வரிசையாகப் பாதுகாப்புக்கு ஒப்படைக்கப்பட்டன. நூலகக் கட்டடம் இன்னும் எழும்பவில்லை. மனிதர் அவற்றைப் பத்துப் பத்து வருஷமாகப் பிரித்துச் சுவரோரம் அடுக்கினார். கடைசியில் தள்ளி நின்று பார்த்தால் அடுக்குகளின் உச்சி ஒரு வளைவாக மேலேறிப் போகிறது. கணக்கு வாத்தியார் அல்லவா, வளைவு சும்மா இல்லை, வட்டிக்கு வட்டி போல மடங்கு மடங்காக ஏறுகிறது என்று கண்டுகொண்டார். புத்தகம் அடுக்க இடமில்லாததால் விஞ்ஞானத்தின் வளர்ச்சியை அளக்கும் ஒரு துறையே பிறந்தது.

இனி கதாநாயகன். யூஜீன் கார்ஃபீல்ட், 1925-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸின் வெல்ச் நூலகத்தில், மருத்துவக் கட்டுரைகளை எந்திரம் வைத்து அட்டவணைப்படுத்தும் திட்டத்தில் வேலை. 1953-இல் அந்த வேலை போயிற்று. அந்த வருஷம்தான் வில்லியம் அடேர் என்பவரின் கடிதம் அவர் கையில் கிடைத்தது. அடேர் யாரென்றால், நம்ம பசைச்சீட்டு ஷெப்பர்ட் கம்பெனியில் துணைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வக்கீல்களுக்கு நாங்கள் எண்பது வருஷமாகச் செய்வதை நீங்கள் விஞ்ஞானிகளுக்குச் செய்து பார்க்கக்கூடாதா என்பது கடிதத்தின் சாரம். கார்ஃபீல்டுக்குப் பொறி தட்டியது. 1955-இல் 'சயின்ஸ்' இதழில் திட்டத்தை விரித்து எழுதினார். உலகம் கொட்டாவி விட்டது.

சோறு போட ஏதாவது வேண்டுமே. நியூஜெர்சியில் ஒரு கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்து ஆபீஸ் ஆக்கினார். 500 டாலர் கடன் வாங்கினார். 'கரன்ட் கன்டென்ட்ஸ்' என்று வாராவாரம் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் இருந்தது இதழ்களின் பொருளடக்கப் பக்கங்கள் மட்டும். ஓட்டல்களின் மெனு கார்டை மட்டும் வாராவாரம் தபாலில் அனுப்பிக் காசு பார்ப்பது மாதிரி. விஞ்ஞானிகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்கினார்கள். விஞ்ஞானிக்கு இதழைப் படிக்க நேரமில்லை என்ற உலக ரகசியத்தை முதலில் விலைக்கு விற்றவர் அவர்தான்.

நோபல் பரிசு வாங்கிய மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் கார்ஃபீல்டின் பழைய கட்டுரையைப் பார்த்து, 'ஏன் இதை இன்னும் செய்யவில்லை?' என்ற தொனியில் எழுதி, ஆள் சேர்த்து, அரசாங்கப் பணமும் வர வழிசெய்தார். ஆனால் முழு அட்டவணையையும் அச்சிட்டு வெளியிட அரசாங்கம் முன்வரவில்லை. கார்ஃபீல்ட் தன் கம்பெனி பேரில் தானே போட்டார். 1964-இல் 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' வந்தது. 613 இதழ்கள், 14 லட்சம் மேற்கோள்கள். கோழி வளர்த்த இடத்தில் ஆரம்பித்தவர் விஞ்ஞானத்தின் மொய் நோட்டை எழுதி முடித்துவிட்டார்.

மொய் நோட்டு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். யார் யாருக்கு எவ்வளவு எழுதினார்கள் என்பது அதில் இருக்கும். மனசாரப் போட்டதா, வேறு வழியில்லாமல் போட்டதா, போன வருஷம் வாங்கியதைத் திருப்பிப் போட்டதா என்பது இருக்காது. ஷெப்பர்டின் சீட்டில் ஒரு தீர்ப்பைப் பின்பற்றினார்களா, விமர்சித்தார்களா, ரத்து செய்தார்களா என்பதற்குத் தனித்தனி எழுத்து உண்டு. வக்கீல் காசு கொடுத்தது அந்த எழுத்துக்குத்தான். விஞ்ஞானத்துக்கு வந்து சேரும்போது அது வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. ஒருவர் கட்டுரையைப் 'பொன்னேட்டில் பொறிக்க வேண்டும்' என்று எழுதினாலும் ஒன்று, 'இந்த ஆள் சோதனைக்குழாயைக் கண்ணால் பார்த்திருப்பாரா?' என்று எழுதினாலும் ஒன்று.

தொல்காப்பியர் மட்டும் கார்ஃபீல்ட் கையில் அகப்பட்டிருந்தால் வேடிக்கையாகியிருக்கும். நூல் நெடுக 'புலவர்கள் இப்படித்தான் சொல்வார்கள்' என்று முன்னோரை மேற்கோள் காட்டிக்கொண்டே போகிறார், ஆனால் ஒரு பெயரும் சொல்வதில்லை. அத்தனை மேற்கோளும் 'புலவர்' என்ற ஒரே ஆசாமி கணக்கில் வரவாகி, அவருக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை என்று தேடி ஆள் அனுப்பியிருப்பார்கள்.

கார்ஃபீல்டுக்கு ஒரு நடைமுறைத் தலைவலி இருந்தது. உலகத்தில் ஆயிரக்கணக்கான இதழ்கள். எதை அட்டவணையில் சேர்ப்பது? வெறுமனே மேற்கோளை எண்ணினால் குண்டு இதழ்களே ஜெயிக்கும். சின்ன இதழ் நல்ல இதழாக இருந்தாலும் அடிபடும். ஆகவே அவரும் சகா இர்விங் ஷெர்ரும் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டார்கள். ஓர் இதழ் கடந்த இரண்டு வருஷத்தில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த வருஷம் எத்தனை மேற்கோள் வந்தது, அதை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகு. இதுதான் இம்பேக்ட் ஃபேக்டர். மறுபடியும் புளி நிறுக்கிற தராசுதான். 1970களின் நடுவில் இந்த எண்களை வருஷா வருஷம் புத்தகமாகவே போட ஆரம்பித்தார்கள். அன்றைக்கு மாப்பிள்ளைகளுக்குப் பிடித்தது சனி.

இதழுக்கான எண்ணை ஆளுக்குப் போட்டார்கள். ஒரு பஸ்ஸின் சராசரி வேகத்தை அதில் தூங்கிக்கொண்டு போனவரின் ஓட்டத் திறமையாக எழுதிக்கொண்ட கதை. அதிலும் அந்த இரண்டு வருஷக் கெடு இருக்கிறதே! உயிரணுக்காரர்களுக்கு இரண்டு வருஷம் யுகம். கணிதக்காரர் ஒரு நிரூபணத்தைப் படித்துத் தலையாட்டவே இரண்டு வருஷம் ஆகும். கார்ஃபீல்டே பிற்காலத்தில் தன் பிள்ளையை அணுசக்தியோடு ஒப்பிட்டார். நல்லதும் செய்யும், கெட்டதும் செய்யும், யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றார். கோழிக்கொட்டகை இதற்குள் பெரிய கம்பெனியாகி, கைமாறி, இன்னொரு கை மாறி, 2016-இல் கிளாரிவேட் என்ற பெயருக்கு வந்து சேர்ந்திருந்தது. அடுத்த வருஷம் கார்ஃபீல்ட் காலமானார்.

எண்ணைப் பிடித்துக்கொண்டவர்கள் செய்த கூத்துகளில் எனக்குப் பிடித்தது ஒரு குரல்-பேச்சு மருத்துவ இதழின் கோபம். இம்பேக்ட் ஃபேக்டர் வைத்து எங்களை மட்டமாக நடத்துகிறார்கள் என்று 2007-இல் 'ஃபோலியா போனியாட்ரிகா' இதழில் ஒரு தலையங்கம் வந்தது. இந்த எண் எவ்வளவு அபத்தம் என்று காட்ட, தங்கள் இதழில் முந்தைய இரண்டு வருஷங்களில் வந்த கட்டுரைகள் அத்தனையையும் அந்த ஒரே தலையங்கத்தில் மேற்கோள் காட்டினார்கள். எண் 0.66-இலிருந்து 1.44-க்குக் குதித்தது. நிரூபணம் சுத்தம். பரிசாக, அந்த இதழை இரண்டு வருஷம் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள்.

வேண்டுமென்றே செய்யாமலும் நடக்கும். படிகவியலாளர் ஜார்ஜ் ஷெல்ட்ரிக் தான் எழுதிய கணினி நிரல்களின் வரலாற்றை 2008-இல் 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ' இதழில் எழுதினார். என் நிரலைப் பயன்படுத்துகிறவர்கள் இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிக்கொள்ளலாம் என்று சுருக்கத்திலேயே அறிவித்துவிட்டார். உலகத்துப் படிகக்காரர்கள் எல்லாரும் அந்த நிரலைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆயிரக்கணக்கில் மொய் வந்து குவிந்தது. சுமார் 2 என்று சமர்த்தாக இருந்த இதழின் எண் 2009-இல் 49.926. 'நேச்சர்', 'சயின்ஸ்' எல்லாம் கீழே. ஒரு வீட்டுக் கல்யாணத்தால் தெருவே பணக்காரத் தெரு ஆயிற்று.

நிஜ மொய் விருந்தும் உண்டு. 2010-இல் 'மெடிக்கல் சயின்ஸ் மானிட்டர்' இதழில் வந்த ஒரு கட்டுரை 490 கட்டுரைகளை மேற்கோள் காட்டியது. அதில் 445, 'செல் டிரான்ஸ்பிளான்டேஷன்' என்ற இன்னொரு இதழின் கட்டுரைகள். எல்லாமே 2008, 2009-இல் வந்தவை, அதாவது கணக்குக்குத் தேவையான அதே இரண்டு வருஷம். எழுதிய நால்வரில் மூவர் அந்த இன்னொரு இதழின் ஆசிரியர் குழுவில் இருந்தார்கள். மிச்சம் 45-இல் 44, 'மெடிக்கல் சயின்ஸ் மானிட்டர்' தனக்குத் தானே எழுதிக்கொண்டது. பாக்கி ஒன்றே ஒன்று வெளியாளுக்குப் போயிருக்கிறது. பேராவூரணி மொய் விருந்தில்கூட இவ்வளவு கறாராகக் கணக்கு வைக்க மாட்டார்கள்.

இதழை விட்டு ஆளையே நேராக நிறுக்க ஒரு தராசு வந்தது 2005-இல். சான் டியேகோவில் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். அதிமின்கடத்தலைப் பற்றி ஊர் உலகம் ஒப்புக்கொண்ட கோட்பாடு தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அந்தக் கட்டுரைகளைப் பெரிய இதழ்களில் போடுவது அவருக்குப் பெரும்பாடு. இதழின் பெயரைப் பார்க்காதே, ஆளின் கட்டுரைக்கு வந்த மேற்கோளைப் பார் என்று ஒரு கணக்குச் சொன்னார். நீங்கள் பல விசேஷம் நடத்தியிருக்கலாம். அதில் குறைந்தது பத்து பேராவது மொய் எழுதிய விசேஷங்கள் பத்து இருந்தால், உங்கள் எச்-இண்டெக்ஸ் பத்து. அவ்வளவுதான். இருபது வருஷம் ஆராய்ச்சி செய்தவருக்கு 20 இருந்தால் வெற்றி, 40 என்றால் பிரமாதம், 60 என்றால் தெய்வப் பிறவி என்கிற மாதிரி மார்க்கும் போட்டுவைத்தார். போட்டிருக்கவே வேண்டாம். 2020-இல் அவரே, இந்த எண் சில நேரம் படுமோசமாகத் தோற்றுப்போகிறது, வேண்டாத விளைவுகள் வருகின்றன என்று எழுதினார். ஊரோடு ஒத்துப்போகாத ஆய்வுக்கு ஆதரவாக வந்த எண், ஊரோடு ஒத்துப்போனால்தான் ஏறும் என்ற உண்மை அவருக்குச் சற்றுத் தாமதமாக உறைத்தது.

எச்-இண்டெக்ஸில் ஒரு சூட்சுமம்: எத்தனை கட்டுரையோ அதைத் தாண்டி அது போகாது. கும்பகோணத்து ராமானுஜன் வெளியிட்டவை 37. 32 வயதில் போய்விட்டார். அந்த 37-ஐயும் உலகம் கடைசி வரை கொண்டாடினாலும் எச்-இண்டெக்ஸ் 37-க்கு மேல் ஏறாது. நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றனவே என்றால், நோட்டுக்கு, இதழ்களுக்குத் தரும் ஐ.எஸ்.எஸ்.என். எண் உண்டா என்று கேட்பார்கள். அதிலும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்து 1976-இல் அகப்பட்ட அந்தத் தொலைந்த நோட்டு, 'ஸ்கோபஸ் மேற்கோள் அட்டவணையில் இல்லாத வெளியீடு' என்ற கட்டத்தில் டிக் அடிக்கப்பட்டிருக்கும்.

ராமானுஜனையாவது விடுங்கள், அவர் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. பீட்டர் ஹிக்ஸ் நேரடியாக மாட்டினார். 1964-இல் கடவுள் துகள் என்று பிற்பாடு பத்திரிகைகள் பேர் வைத்ததைப் பற்றி எழுதியவர். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கப் பத்துக் கட்டுரைகூட எழுதவில்லை. பிரிட்டனிலோ 1986-இலிருந்து பல்கலைக்கழகத் துறைகளின் ஆராய்ச்சியை மதிப்பிட்டுப் பணம் கொடுக்கும் முறை. எடின்பரோவில் அவர் துறையிலிருந்து, 'சமீபத்திய வெளியீடுகளைத் தெரிவிக்கவும்' என்று ஓலை வரும். இவர் 'ஒன்றும் இல்லை' என்று எழுதி அனுப்புவார். துறைக்கு அவர் ஒரு சங்கடம். 2013-இல் நோபல் வாங்கப் போகிற வழியில், இன்றைக்கு எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் வேலை கொடுக்காது என்று 'கார்டியன்' நிருபரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சிரிப்பதற்கு மீதி 2015-இல் வந்தது. அவர் பேர் கொண்ட அந்தத் துகளின் நிறை எவ்வளவு என்று செர்ன் ஆய்வுக்கூடத்தின் இரண்டு அணிகள் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டன. மொத்தம் 33 பக்கம். அதில் சங்கதி ஒன்பது பக்கம். மீதி 24 பக்கமும் எழுதியவர்கள் பேரும் அவர்கள் ஊரும். 5,154 பேர். ஹிக்ஸ் அரை நூற்றாண்டில் சேர்த்ததைப் பார்த்தால், இவர்கள் ஆளுக்கொன்று ஒரே நாளில் வரவு வைத்துக்கொண்டார்கள். ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் இப்படிப்பட்ட அணியில் இருந்தால் போதும், உலக மேற்கோள் மழை முழுக்க அந்த ஊரில் பெய்யும். 'டைம்ஸ் ஹையர் எஜுகேஷன்' ரேங்க் காரர்கள் பயந்துபோய், அந்த வருஷமே ஆயிரம் பேருக்கு மேல் எழுதிய 649 கட்டுரைகளைக் கணக்கிலிருந்து கழற்றிவிட்டார்கள்.

உலக ரேங்க் என்ற திருவிழாவைக் கொடியேற்றியவர் ஷாங்காயில் இருந்தார். ஜியாவ் தோங் பல்கலைக்கழகத்தின் லியூ நியான் ட்சாய். படிப்பால் வேதிப் பொறியாளர். சீனப் பல்கலைக்கழகங்கள் உலகத்தரத்துக்கு எவ்வளவு தூரம் பின்னே இருக்கின்றன என்று பார்ப்பதுதான் அவர் நோக்கம். தன் உயரம் பார்க்கக் கதவில் கோடு போட்டவர் மாதிரி. 2003-இல் கோட்டை எல்லாருக்கும் காட்டினார். பழைய மாணவரோ பேராசிரியரோ நோபல் வாங்கியிருந்தால் 30 சதவீத மதிப்பெண் அதற்கே. 'நேச்சர்', 'சயின்ஸ்' கட்டுரைகளுக்கு 20. இலக்கியம், வரலாறு படிக்கிறவர்கள் வாசலிலேயே செருப்போடு நிற்கலாம்.

நோபல் என்றதும் பெர்லினில் சொத்துத் தகராறு வந்தது. ஐன்ஸ்டைன் நோபல் வாங்கியபோது இருந்த பழைய பெர்லின் பல்கலைக்கழகம், போருக்குப் பிறகு நகரத்தின் கிழக்கில் மாட்டி ஹம்போல்ட் பல்கலைக்கழகம் ஆயிற்று. அங்கிருந்து முறைத்துக்கொண்டு வந்தவர்கள் 1948-இல் மேற்கில் சுதந்திரப் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். இப்போது ஐன்ஸ்டைன் யார் பங்கு? இரண்டு வீட்டாரும் தாத்தா எங்களுக்கே என்றார்கள். ஷாங்காய்க்காரர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் மற்றப் பக்கம் நூறு இடம் சரியும் என்ற நிலை. பஞ்சாயத்து தீராமல் பல வருஷம் இரண்டையுமே பட்டியலிலிருந்து எடுத்து வைத்துவிட்டார்கள். ஐன்ஸ்டைன் 1933-இல் ஜெர்மனியைத் தலைமுழுகியவர் என்பதை யாரும் பெரிதாக நினைவூட்டவில்லை.

பிரான்ஸின் துக்கம் வேறு. முதல் பட்டியலின் முதல் 50-இல் ஒரு பிரெஞ்சுப் பல்கலைக்கழகம்கூட இல்லை. அவர்கள் ஊரில் ஆராய்ச்சி பல நிறுவனங்களில் சிதறிக் கிடப்பதால் ஒவ்வொன்றின் எடையும் குறைவு. சரி, சேர்த்துக் கட்டு என்று முடிவாயிற்று. பல கல்லூரிகளையும் ஆய்வகங்களையும் ஒரே சாக்கில் போட்டு பாரிஸ்-சாக்லே என்று பேர் எழுதினார்கள். 2020-இல் அது உலகத்தில் 14-ஆம் இடம். உள்ளே வேலை பார்த்தவர்கள் அதே ஆட்கள், அதே மேசை. சாக்குதான் புதுசு.

2010-இல் எகிப்துக்கு யோகம் அடித்தது. 'டைம்ஸ் ஹையர் எஜுகேஷன்' பட்டியலில் அலெக்சாண்டிரியா பல்கலைக்கழகம் 147-ஆம் இடம். மேற்கோள் செல்வாக்கில் மட்டும் பார்த்தால் உலகத்திலேயே நான்காவது! ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் எல்லாம் அதற்குப் பின்னால். கிளறிப் பார்த்தால் அத்தனை செல்வாக்கும் ஒரே மனிதர் உபயம். முகமது எல் நாஷி என்பவர், தானே ஆசிரியராக இருந்த இதழில் தன் கட்டுரைகளைத் தானே நூற்றுக்கணக்கில் வெளியிட்டிருந்தார். தன்னையே மேற்கோளும் காட்டியிருந்தார். மேளமும் அவரே, மாலையும் அவரே, மாப்பிள்ளையும் அவரே. அவரைப் பற்றி எழுதிய 'நேச்சர்' மீது லண்டனில் அவதூறு வழக்குப் போட்டு 2012-இல் தோற்றார்.

சவூதியில் கையில் காசு இருந்தது, ஆகையால் இத்தனை உழைப்புத் தேவைப்படவில்லை. அதிகம் மேற்கோள் காட்டப்படும் விஞ்ஞானிகளுக்கு ஜெத்தாவின் மன்னர் அப்துல்அஜீஸ் பல்கலைக்கழகம் அழைப்பு அனுப்பியதை 2011-இல் 'சயின்ஸ்' எழுதியது. வருஷத்துக்கு 72,000 டாலர் வரை. வேலை, வருஷத்தில் சில வாரம் எட்டிப் பார்ப்பது. முக்கியமான நிபந்தனை, விஞ்ஞானி தன் விலாசத்தில் இவர்கள் பேரையும் இரண்டாவதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் குடியிருக்க வேண்டாம், ரேஷன் கார்டில் பேர் இருந்தால் போதும்.

நாம் மட்டும் சும்மா இருந்தோமா? 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களுக்குப் புள்ளி முறை கொண்டுவந்தது. பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும், கட்டுரைக்கு இதழ் வேண்டும், இதழுக்கு ஐ.எஸ்.எஸ்.என். வேண்டும். தேவை என்று ஒன்று வந்தபின் கடை திறக்க எவ்வளவு நேரம்? 'சர்வதேச', 'பன்முக', 'மேம்பட்ட' என்ற சொற்களை எந்த வரிசையில் மாற்றிப் போட்டாலும் ஓர் இதழ் இருந்தது. பணம் கட்டிய மூன்றாம் நாள் கட்டுரை வெளிவரும், சான்றிதழோடு. தமிழ்த்துறைகளில் ஒருநாள் கருத்தரங்கம் முடிவதற்குள் தலையணை கனத்தில் ஆய்வுக்கோவை கையில் வந்தது. மதியச் சாப்பாட்டுப் பந்தியில் பரிமாறப்பட்ட கேள்விகள் மூன்று. 'ஸ்கோபஸ்ல இருக்காங்க சார்?' 'கியூ ஒண்ணா, கியூ ரெண்டா?' 'சாம்பார் இன்னும் வருமா?' மூன்றாவதற்கு மட்டும் உடனே பதில் கிடைத்தது. 2018-இல் அந்தக் குழுவே தான் ஒப்புதல் கொடுத்த பட்டியலைத் திரும்பப் புரட்டி, 4,305 இதழ்களை ஒரே நாளில் வெளியே தள்ளியது. அவற்றில் போட்ட கட்டுரைகளால் பதவி உயர்ந்தவர்களை யாரும் திரும்பப் புரட்டவில்லை.

இவ்வளவு சுலபமென்றால், ஆளே இல்லாமல் செய்ய முடியாதா என்று சில பேருக்குத் தோன்றியது நியாயம்தான். கிரெனோபிள் நகரத்து சிரில் லாப்பே, கணினி தானாக உளறி எழுதிய நூற்றுச் சொச்சம் கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்டவைத்து, ஐக் அன்ட்கேர் என்று இல்லாத ஒரு விஞ்ஞானியை 2010-இல் உருவாக்கினார். ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் 'எனக்கென்ன கவலை' என்பது போல ஒலிக்கும் பேர். கூகுள் ஸ்காலரை வைத்துப் போட்ட கணக்கில் எச்-இண்டெக்ஸ் 94. ஐன்ஸ்டைன் 36-ஆம் இடத்தில் இருக்க, நம்ம ஐக் 21-இல்.

2024-இல் ரீஸ் ரிச்சர்ட்சன், நிக் வைஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மேற்கோள் விற்கிற கடைகள் எப்படி வேலை செய்கின்றன என்று காட்ட அதே வித்தையைச் செய்தார்கள். இந்தத் தடவை ஆள் நிஜம், ஆனால் பூனை. பேர் லாரி, ரிச்சர்ட்சனின் பாட்டி வீட்டுப் பூனை. அதன் பேரில் கணிதத்தில் 12 கட்டுரை ஏற்றி, அவற்றை மேற்கோள் காட்ட இன்னொரு கட்டு போலிக் கட்டுரை ஏற்றி, உலகத்திலேயே அதிக மேற்கோள் பெற்ற பூனை என்ற நிலைக்கு ஒரு வாரம் கொண்டுபோய் வைத்தார்கள்.

கவனியுங்கள், அதிக மேற்கோள் பெற்ற பூனை. அதாவது முந்தைய சாதனையாளர் ஒருவர் இருந்தார். அவர் எஃப்.டி.சி. வில்லர்ட், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஜாக் ஹெதரிங்டன் வீட்டு சயாமியப் பூனை. கூப்பிடும் பேர் செஸ்டர். 1975-இல் ஹெதரிங்டன் தனியாக எழுதிய கட்டுரையில் நெடுக 'நாங்கள்' என்று எழுதிவிட்டார். ஒருவர் எழுதியதை 'பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்' அப்படி ஏற்காது என்று சகா எச்சரித்தார். டைப்ரைட்டர் காலம், முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். சோம்பல்பட்டு, ஆளைக் கூட்டிவிட்டார். கட்டுரை வெளிவந்தது. ஒருநாள் துறைக்கு வந்த விருந்தாளி ஹெதரிங்டனைத் தேட, அவர் இல்லை என்றார்கள். அப்படியானால் வில்லர்டைப் பார்க்கிறேன் என்றார் விருந்தாளி. துறையே சிரித்தது. துறைத் தலைவர் ட்ரூமன் உட்ரஃப் மட்டும் தன் பதவிக்கேற்ற காரியத்தைச் செய்தார். இவ்வளவு பெரிய இயற்பியலாளர் நம் துறைக்கு, குறைந்தபட்சம் சிறப்பு வருகைப் பேராசிரியராகவாவது, வந்து சேரச் சம்மதிப்பாரா என்று கேட்டு ஹெதரிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார்.

கட்டுரைப் பிரதிகள் சிலவற்றில் இருவரும் கையெழுத்திட்டு நண்பர்களுக்கு அனுப்பினார்கள். ஹெதரிங்டன் பேனாவால் போட்டார். வில்லர்ட் பாதத்தைப் பதித்தார். 1980-இல் ஹீலியம்-3 பற்றி பிரெஞ்சில் ஒரு கட்டுரை வந்தபோது, அதில் ஹெதரிங்டன் பேர் இல்லை. வில்லர்ட் மட்டும்தான்.